காத்த நீர் யாருக்கு?

கும்மிடிப்பூண்டி மின்ரயில் தண்டையார்பேட்டையையும் திருவொற்றியூரையும் தாண்டி எண்ணூரை நெருங்கும்போது சன்னலுக்கு வெளியே தெரிவதெல்லாம் கன்டெய்னர் லாரிகளும் புகைபோக்கிகளும் மின்கோபுரங்களும்தான். அத்திப்பட்டும் நந்தியம்பாக்கமும் போய் மீஞ்சூர் வந்ததும் காட்சி மெல்ல மாறத் தொடங்குகிறது. அனுப்பம்பட்டு, பொன்னேரிப் பக்கம் நெல்வயல்கள் வந்துவிடும். இடையிடையே வீட்டுமனைக் கற்களும் நட்டிருக்கும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ குடியிருப்பவர்கள் இந்த வயல்களைத் தங்கள் பிழைப்போடு சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் அவர்களில் பலருடைய அப்பாக்களும் தாத்தாக்களும் வேலை பார்த்த மணலி, எண்ணூர் ஆலைகள் பல ஆண்டுகள் குடித்த நீர் இந்த வயல்களுக்கு அடியிலிருந்து போனதுதான். நீர் போன இடத்தில் கடல் புகுந்தது. அந்த வயல்களை இன்னும் உழுதுகொண்டிருக்கும் சிறு விவசாயிகளிடம்தான், மண்ணையும் நீரையும் காப்பாற்றுங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.

சொல்லப்படும் வழிமுறைகள் ஒன்றும் புதியவை அல்ல. கோடை உழவு போட்டு மழையை மண்ணுக்குள் இறக்குவது, வரப்பை உயர்த்திக் கட்டுவது, நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டை வெட்டுவது, தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுவது, நெல்லுக்கு எப்போதும் நீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது, ஏரி வண்டலை எடுத்துவந்து வயலில் பரப்புவது. இவற்றில் பாதி நம் பாட்டன்மார் செய்தவை. மீதி வேளாண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருபவை. அப்படியிருந்தும் ஏன் பரவவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை. எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை கிடையாது. புதிய நெல் ரகத்தை ஒரே பருவத்தில் ஊர் முழுக்கப் பரப்பத் தெரிந்தவர்களுக்கு வரப்பு உயர்த்துவது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? காத்த மண்ணும் காத்த நீரும் தன் கையிலேயே நிற்கும் என்று தெரிந்தால் சிறு விவசாயி காப்பார். அது வேறொருவர் கைக்குப் போகும் என்றால் காக்கமாட்டார். வயது, படிப்பு, பயிற்சி, மானியம் ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கணக்கு இதுதான். வடசென்னையின் ஓரத்து வயல்களில் இந்தக் கணக்கு மற்ற இடங்களைவிட வெளிச்சமாகத் தெரிகிறது.

கதை 1960களில் தொடங்குகிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வரவிருந்த நேரம். அவற்றுக்கு நீர் வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியுடன் 1966 முதல் 1969 வரை நடந்த ஆய்வு, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்குள் நல்ல நீர் ஏராளமாக இருப்பதைக் கண்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தொகுதிகள் வந்தன. 1980களில் பூண்டி, கன்னிகைப்பேர் போன்ற இடங்களும் சேர்ந்தன. ஊறுவதைவிட அதிகமாக இறைத்தால் கடலோர மணலில் என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நன்னீரின் எடைதான் உப்புநீரைக் கடல்பக்கம் தள்ளி நிறுத்திவைத்திருந்தது. எடை குறைந்ததும் கடல் உள்ளே நகர்ந்தது. 1960களின் கடைசியில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை 1980களில் சுமார் 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் அதையும் தாண்டிய தூரங்களைச் சொல்கின்றன. 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்கு இந்த வட்டாரத்தின் நிலையும் ஒரு முக்கியக் காரணம்.

மீஞ்சூர்ப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார்? அவர் வரப்பு கட்டி மழையை நிறுத்தினால் அது மணலுக்குள் இறங்கும். இறங்கிய நீர் அவர் கிணற்றிலேயே நிற்காது. எங்கே அதிகமாக இறைக்கிறார்களோ அங்கே நகரும். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் காலத்திலிருந்தே நிலத்தின் சொந்தக்காரருக்கு அடிநீரை எடுக்கும் உரிமை உண்டு. ஆனால் எடுக்காமல் விட்டுவைத்த நீருக்கு யாரும் உரிமை தருவதில்லை. ஆகவே இறைப்பவருக்கு நீர், ஊறவைப்பவருக்கு உழைப்பு என்று ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், சென்னையில் வறட்சி வரும்போதெல்லாம் குடிநீர் வாரியம் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளைத் தேடி வந்தது. 2000களின் தொடக்கத்திலும், பிறகு 2017, 2019 ஆண்டுகளிலும் பூண்டி, தாமரைப்பாக்கம், மாகரல் பக்கங்களில் விவசாயிகளிடமிருந்து விலைகொடுத்து நீர் எடுத்தார்கள். நெல்லைவிட நீர் நல்ல விலை கண்ட காலம் அது. விற்றவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பா பொய்த்த ஆண்டில் கிணறுதான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. ஆனால் கிணறு இல்லாத பக்கத்து வயல்காரரும், நடவுக்கும் அறுப்புக்கும் போகும் கூலிக்காரரும் அந்த விற்பனையில் ஒரு காசும் பார்க்கவில்லை. எடுத்த நீருக்கு ஒப்பந்தம் இருந்தது, அளவு இருந்தது, விலை இருந்தது. மண்ணுக்குள் இறக்கிய நீருக்கு அப்படி எதுவும் கிடையாது.

விலை இல்லாத பொருளை யார் மிச்சம் பிடிப்பார் என்ற கேள்விக்கு வங்கதேசத்திலிருந்து ஒரு நேர்த்தியான பதில் கிடைத்திருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர்விட எளிய கருவி ஒன்று உண்டு. துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்துவைத்தால், மண்ணுக்குள் நீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட அளவுக்கு இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும், மகசூல் குறையாது. சக்ரவர்த்தி, தார், எமெரிக் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அங்கே பல கிராமங்களில் இந்தக் குழாயைக் கொடுத்துப் பயிற்சியும் அளித்துப் பார்த்தார்கள். பருவம் முழுதுக்கும் ஒரே தொகை கட்டி நீர் வாங்கும் விவசாயிகளிடம் குழாயால் நீர் மிச்சமாகவில்லை. பாய்ச்சிய நேரத்துக்கேற்பப் பணம் கட்டுபவர்களிடம் மிச்சமானது. இருவருக்கும் கிடைத்தது ஒரே குழாய், ஒரே பயிற்சி. மிச்சம் பிடித்த நீரின் பலன் யார் பைக்குப் போகிறது என்பதில்தான் வேறுபாடு. தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலும் பத்து மணி நேரம் ஓடினாலும் செலவு ஒன்றுதான் எனும்போது, குழாயை எட்டிப் பார்க்க வயலுக்கு நடந்துபோகும் நேரம்கூட நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

அப்படியானால் இலவச மின்சாரத்தை நிறுத்திவிடலாமே என்று நகரத்தில் இருப்பவர்கள் உடனே சொல்வார்கள். அது அவசரப் பேச்சு. விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் நடந்த போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை அது. நெல்லின் விலையை அரசு தாழ்த்தி வைத்திருக்கும் வரை அந்தச் சலுகை விவசாயிக்கு வரவேண்டிய நிலுவையில் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். உரிமையைப் பறிக்காமலே கணக்கை மாற்ற வழி இருக்கிறது. பஞ்சாப் அரசு 2018இல் சில மின்பாதைகளில் தொடங்கிய திட்டத்தில், ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு மின் அளவு ஒதுக்கி, அதற்குக் கீழே அவர் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் போட்டார்கள். இலவசம் இலவசமாகவே இருந்தது. மிச்சத்துக்கு மட்டும் விலை வந்தது. மீட்டர் பொருத்துவது பின்னால் கட்டணம் வசூலிக்கத்தான் என்ற பயம் விவசாயிகளிடம் எப்போதும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. முதலில் பணத்தைக் கொடுத்துக் காட்டினால்தான் பயம் போகும்.

நீரில் பலன் நழுவுவது போலவே மண்ணில் காலம் நழுவுகிறது. பசுந்தாள் உரத்தின் பலன் அடுத்த போகத்தில்தான் தெரியும். வண்டல் அடித்ததன் பலன் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும். வரப்பும் குட்டையும் தரும் பலனைப் பத்து ஆண்டுகளில்தான் அளக்க முடியும். அத்தனை ஆண்டுகள் அந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்ற கேள்வி பொன்னேரி வட்டத்து விவசாயிக்கு ஒவ்வொரு நாளும் எழுகிறது. கிழக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள். அங்கிருந்து மாமல்லபுரம் வரை போகும் சென்னை எல்லைச் சாலை. 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்த சென்னைப் பெருநகர எல்லை. நிலம் விளைச்சலுக்காக இல்லாமல் விலைக்காகக் காத்திருக்கும் இடத்தில், சொந்தக்காரர் அதில் பணம் போடமாட்டார். உழுபவராலும் போட முடியாது. 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. ஆனால் எழுத்தில் குத்தகை கொடுத்தால் நிலத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற அச்சத்தில் பல சொந்தக்காரர்கள் வாய்ச்சொல்லிலேயே, ஒவ்வோர் ஆண்டாகவே கொடுக்கிறார்கள். அடுத்த ஆடிக்கு இந்த வயல் எனக்கா உனக்கா என்று தெரியாதவர் நவரை முடிந்ததும் தக்கைப்பூண்டு விதைப்பாரா? அவர் மண்ணின் மீது அக்கறை இல்லாதவர் என்பதல்ல. அவருக்கு மண்ணே இல்லை. மானியம் கேட்கப் போனாலும் பட்டா, சிட்டா, அடங்கல் என்று கேட்கும் ஒவ்வொரு தாளிலும் வேறொருவர் பெயர்தான் இருக்கும்.

நகரத்தின் அருகாமை விவசாயத்தைக் கெடுத்தே தீரும் என்று இதை வைத்து முடிவுகட்டிவிடலாகாது. கென்யாவின் மச்சாகோஸ் மாவட்டம் நைரோபிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1930களில் அந்தக் குன்றுகள் அரிப்பில் பாழாய்ப் போய்விட்டதாக ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். படிவயல் வெட்டும்படி மக்களைக் கட்டாயப்படுத்தினார்கள். மக்கள் அதை வெறுத்தார்கள். 1963இல் சுதந்திரம் வந்த காலத்தில் அந்தக் கட்டாய வேலை நின்றுபோனது. பிறகு நடந்ததுதான் வியப்பு. யாரும் சொல்லாமலே மக்கள் தாங்களாகப் படிவயல் வெட்டத் தொடங்கினார்கள். டிஃபன், மார்ட்டிமோர், கிச்சுக்கி மூவரும் 1994இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக ஆராய்கிறது: மக்கள்தொகை பல மடங்கு பெருகிய அதே காலத்தில் அரிப்பு குறைந்திருந்தது. நைரோபியில் வேலைபார்த்தவர்கள் அனுப்பிய பணம் படிவயல்களுக்குள் போனது. காப்பிக்கும் காய்கறிக்கும் சந்தை நல்ல விலை கொடுத்தது. நிலம் குடும்பத்தின் கையில் உறுதியாக நின்றது. மீஞ்சூரிலும் ஆலை வேலையிலிருந்து பணம் வருகிறது, கீரைக்கும் பூவுக்கும் கோயம்பேடு சந்தை எட்டும் தூரத்தில் இருக்கிறது. இல்லாதது மூன்றாவது. அதனால் இங்கே ஆலைச் சம்பளம் வரப்புக்குப் போகாமல், வரப்புக் கட்டும் ஆளை வயலிலிருந்து அழைத்துக்கொண்டு போய்விடுகிறது.

விழிப்புணர்வு ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொல்வதாக யாரேனும் எடுத்துக்கொண்டால் அது தவறு. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி நோலர், பிராட்ஷா இருவரும் 2007இல் எழுதிய கட்டுரையில், வயது, படிப்பு, நில அளவு, பயிற்சி என்று எந்த ஒரு காரணியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். ஓரிடத்தில் படித்தவர்கள் ஏற்றார்கள். இன்னோரிடத்தில் படிப்பு எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. அந்தந்த இடத்தின் கணக்கு வேறு என்பதுதான் இதன் பொருள். அறிவு பயன்படும் இடமும் உண்டு. ஆனால் அது மேடையிலிருந்து இறங்கிவரும் அறிவாக இருப்பதில்லை. அன்றைய ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 2000களில் விவசாயிகளே மழையளவையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ஆண்டின் நீர்வரவைக் கூட்டிப் பார்த்து, அதற்கேற்பப் பயிரை முடிவுசெய்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை; பல இடங்களில் நெல்லின் பரப்பு தானாகக் குறைந்தது. தன் கிணற்றைத் தானே அளந்தவருக்கு அது அதிகாரி சொன்ன செய்தி அல்ல, தன் வரவுசெலவு. மீஞ்சூரில் கிணற்றில் உப்பு ஏறுவதைக் கண்டுபிடிக்கவும் முதலில் நாக்கே போதும். 

மானியத்தைப் பற்றியும் இதே பொறுமையோடு பேசவேண்டும். தமிழ்நாட்டில் நிலவுடைமைகளின் சராசரி 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. இத்தனை சிறிய நிலத்தில் ஒரு குட்டைக்கு இடம் விடுவதே பெரிய தியாகம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது. கருவி இலவசமாகக் கிடைத்தாலும் நெல்லை நம்பி இருப்பவருக்கு அதனால் என்ன பயன்? இதற்கு மாறாக வண்டலைப் பாருங்கள். ஏரியைத் தூர்வாருவது ஊருக்குப் பொதுவான வேலை. எடுத்த வண்டல் தனி ஒருவரின் வயலுக்குப் போகிறது. பொது வேலையும் சொந்த லாபமும் ஒரே மாட்டுவண்டியில் ஏறும் அபூர்வமான இடம் இது. 2017இல் விவசாயிகள் இலவசமாக வண்டல் எடுத்துக்கொள்ள விதிகளைத் திருத்தியபோது வரவேற்பு இருந்ததில் ஆச்சரியமில்லை. அனுமதிக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகம்வரை அலைய வேண்டியிருந்ததால் பலர் பின்வாங்கியதிலும் ஆச்சரியமில்லை. 2024இல் அந்த அதிகாரத்தை வட்டாட்சியர் அளவுக்கு இறக்கினார்கள். அதே ஆண்டு ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைகளுக்கும் உதவி வந்தது. உவர் தாங்கும் தக்கைப்பூண்டு கடலோர வயலுக்குப் பொருத்தமான செடி; நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட வேண்டும். விதை ஒரு மாதம் தாமதமாக வந்தால் திட்டம் காகிதத்தில் மட்டும் வெற்றி பெறும்.

இனி, தனி ஒருவரால் முடியாத விஷயம். உப்பு வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. ஒருவர் பத்து ஆண்டுகள் சேர்த்த நீரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு ஒரு கோடையில் இழுத்துவிடும். ஆகவே பலன் கையில் நிற்பது என்பது தனித்தனிக் கைகளால் ஆகும் காரியமாக இல்லாமல், ஊரே சேர்ந்து செய்யும் ஏற்பாடாகிவிடுகிறது. இதற்கு நம் வட்டாரத்துக்கு நெருக்கமான உதாரணம் தொலைவில், சண்டிகர் அருகே சுகோமாஜ்ரி என்ற சிற்றூரில் இருக்கிறது. சண்டிகரின் அழகுக்கென வெட்டிய சுக்னா ஏரி, கட்டிய சில ஆண்டுகளிலேயே மண்மூடி ஆழம் குறைந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், மேலே உள்ள ஊரின் ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய குன்றுகள். முதலில் வழக்கமான வேலைகள் நடந்தன: தடுப்புகள், மரக்கன்றுகள். ஆடுகள் மறுபடி மேய்ந்தன. நகரத்து ஏரிக்காக ஏழையின் ஆடு ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? 1970களின் பிற்பகுதியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஆர். மிஸ்ரா வேறு வழியில் போனார். ஊருக்கு மேலே சிறிய மண் அணைகள் கட்டி அந்த நீரை ஊருக்கே கொடுத்தார்கள். நிலம் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமபங்கு. நிலமில்லாதவர் தன் பங்கை மற்றவருக்கு விற்கலாம். அதன்பிறகு ஆடுகளைக் குன்றிலிருந்து விலக்கியவர்கள் ஊர்க்காரர்களே. கீழே ஏரிக்கு வரும் மண் பெரிதும் குறைந்தது. நகரத்தின் நீரைக் காக்க, நகரம் தன் பங்கில் ஒன்றை மேலே இருப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நியூயார்க் நகரமும் 1997 ஒப்பந்தத்தில் ஏறக்குறைய இதைத்தான் செய்தது: பெரிய வடிகட்டும் ஆலை கட்டும் செலவைத் தவிர்க்க, தன் நீர்ப்பிடிப்புப் பகுதி விவசாயிகளின் மண்காப்பு வேலைக்குப் பணம் கொடுத்தது.

சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால் போதாதா என்பவர்களுக்கு 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேகரிப்பு ஆணை நினைவுக்கு வரலாம். சென்னையில் அது உண்மையிலேயே கிணறுகளை உயர்த்தியது. ஆனால் வீட்டுக்காரரின் மழைநீர் பெரும்பாலும் அவர் வீட்டுக் கிணற்றுப் பக்கத்திலேயே இறங்கியது. பலன் கண்ணுக்குத் தெரிந்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பல வீடுகளின் தொட்டிகள் அடைத்துக்கொண்டன என்பதும் உண்மை.

இன்னும் வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை வந்தது. கொடுங்கையூரில் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். இனி மீஞ்சூர் மணலில் ஊறும் நீர் யாருக்கு வேண்டும்? விவசாயமும் இன்னும் எத்தனை நாள்? இதில் பாதி எனக்குச் சம்மதம். கழிவுநீரை ஆலைக்குக் கொடுத்தது இந்த வயல்களுக்குச் செய்த பெரிய உபகாரம். எந்தப் பண்ணைக் குட்டையும் அந்த அளவுக்கு இறைப்பைக் குறைத்திருக்க முடியாது. எடுப்பவர் கையைக் கட்டாமல் ஊறவைப்பவரிடம் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை என்பதற்கும் அதுவே சான்று. ஆனால் மீதிப் பாதி தவறான கணக்கு. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்கச் சுமார் மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்தால், அதன் சாம்பல் சேர்வது செப்பாக்கம் சாம்பல் குட்டையில்தான், கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தின் ஓரத்தில். மணல்படுகையோ நீரைத் தேக்கிவைக்க மின்சாரம் கேட்காத நீர்த்தேக்கம். வெயிலில் ஆவியாகாது, தூர்வார வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் சில நாட்களில் கொட்டி, கொசஸ்தலையாற்றின் வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போகும் வெள்ளத்தில் ஒரு பகுதியை அங்கே இறக்க முடியும். வழியில் உள்ள வயல்களிலும் ஏரிகளிலும் நீர் நின்று இறங்கினால்தான் அது நடக்கும். ஆரணியாற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையைச் சுற்றி அண்ணா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு, அருகிலுள்ள கிணறுகளில் மட்டம் உயர்ந்ததையும் உப்பு குறைந்ததையும் காட்டியிருக்கிறது. வயலை வீட்டுமனையாக்கிக் கான்கிரீட் போட்டுவிட்டால் இதற்கும் இடமில்லை, வெள்ளத்துக்கும் இடமில்லை. மிச்சாங் புயல் வந்த டிசம்பர் 2023ஐ வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே வடசென்னை ஓரத்து விவசாயியிடம் பேசப் போகிறவர்கள் துண்டறிக்கையைவிட ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோவது நல்லது. குத்தகைக்கு உழுபவருக்கு, சொந்தக்காரரின் உரிமையைத் தொடாமல் ஐந்தாண்டுக்காவது ஒரு சாகுபடிச் சான்று கொடுங்கள். மானியம் அந்தச் சான்றுக்கு வரட்டும். ஊரின் கிணறுகளை ஊரே அளக்கட்டும்; மட்டம் உயர்ந்தால் அந்த ஊருக்குப் பணம் வரட்டும், கிணறு இல்லாத குடும்பத்துக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும். இதற்கான பணம் புதிதாக எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. நீரை வாங்க வறட்சிதோறும் செலவாகும் தொகையிலேயே இதற்கு இடமுண்டு. மறுபடி ஒரு வறட்சி வரும், வாரியத்தின் லாரிகள் மறுபடி அந்தக் கிணறுகளுக்கு வரும். அதற்கு முன்னால் பெய்யும் மழைக்காலம் ஒன்றிலேயே ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். எடுக்கும் நீருக்கு விலை எழுதும் அதே தாளில், ஊறவைக்கும் நீருக்கும் ஒரு விலை எழுதுங்கள்.